கைபேசி விளம்பரங்கள்: யாரிடம் வழி கேட்கிறோம்?

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் அல்ல. நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். ஆகையால் இன்று நான் சொல்லப்போவதில் உங்களால் செய்து பார்க்க முடியாதது எதுவும் இருக்காது. குழந்தைகள் கையில் இருக்கும் கைபேசியில், செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களை எப்படிக் குறைப்பது என்பதுதான் தலைப்பு. டி.என்.எஸ்., வி.பி.என். என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டையும் நம் பள்ளி வழக்கத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இது ஆசிரியரின் வேலையா என்று சிலருக்குத் தோன்றலாம். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பாடநூலில் உள்ள விரைவுத் தகவல் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்கிறோம். அதற்காகத்தான் அம்மா கைபேசியைக் கொடுக்கிறார். பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பிறகும் கைபேசி குழந்தையின் கையில்தான் இருக்கிறது. நம் மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலும் அந்த ஒரே கைபேசிதான். வங்கிக் குறுஞ்செய்தி, பணம் அனுப்பும் செயலி, ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வருகின்றன. குழந்தை தவறிப்போய் ஒரு விளம்பரத்தைத் தொட்டால் அது குடும்பத்தின் பணப்பையைத் தொடுவது போலத்தான்.

கடந்த பருவத்தில் 7ஆம் வகுப்பில் ஒரு செயல்பாடு கொடுத்தேன். பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது, வழக்கமாக விளையாடும் ஒரு செயலியைப் பத்து நிமிடம் விளையாட வேண்டும். எத்தனை விளம்பரம் வந்தது, ஒவ்வொன்றும் என்ன சொன்னது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். மறுநாள் கரும்பலகையில் நேர்க்கோட்டுக் குறிகளாகப் போட்டு வகைப்படுத்தினோம். வேறொரு விளையாட்டின் விளம்பரம் ஒரு வகை. 'உன் கைபேசியில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்' என்று மிரட்டுவது இன்னொரு வகை. உடனடிக் கடன் மூன்றாவது. பணம் வைத்து ஆடும் ஆட்டம் நான்காவது. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியைத் தொட்டாலும் பிளே ஸ்டோருக்கே போகிறது என்று ஒரு மாணவி சொன்னாள். பக்கத்தில் இருந்தவன், "அது மூடுற குறி இல்ல டீச்சர், படத்துலயே வரஞ்சி வச்சிருக்காங்க" என்றான். அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறான். எல்லாக் குழந்தைகளும் அப்படிப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயது நிறைவடையாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் அதன் வழியில் தன் வேலையைச் செய்யட்டும். இன்று மாலை குழந்தை பார்க்கப்போகும் திரைக்கு நாம் என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வி.

விளம்பரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு விளையாட்டுச் செயலியை நிறுவும்போது விளம்பரங்கள் அதனுடன் சேர்ந்து வருவதில்லை. விளம்பரத்தைக் கேட்டு வாங்கும் ஒரு சிறு நிரல் மட்டுமே அதில் இருக்கும். விளையாட்டைத் திறந்ததும் அந்த நிரல் விளம்பர நிறுவனத்தின் கணினியைத் தேடிப் போய், 'இந்தக் கைபேசிக்கு ஒரு விளம்பரம் கொடு' என்று கேட்கும். விளையாட்டு ஓரிடத்தில், விளம்பரம் வேறிடத்தில். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் முதல் வழிக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. இணையம் இல்லாமல் ஓடக்கூடிய விளையாட்டு என்றால், மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுக் குழந்தையிடம் கொடுக்கலாம். கேட்டு வாங்க வழி இல்லாததால் புதிய விளம்பரங்கள் வந்து சேராது. காணொளி விளம்பரங்கள் தின்னும் அன்றாட டேட்டாவும் மிச்சமாகும். பெற்றோரிடம் முதலில் இதைத்தான் சொல்லுங்கள்.

இணையம் தேவைப்படும் நேரத்தில் என்ன செய்வது? அங்கேதான் டி.என்.எஸ். வருகிறது.

டி.என்.எஸ். என்னும் பதிவேடு

வகுப்பில் ஒரு மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். எமிஸ் தளத்துக்கு அந்தப் பெயர் போதாது, எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் பதிவேடு ஒன்று நமக்குத் தேவைப்படுகிறது. இணையத்திலும் அதே கதைதான். நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் பதிவேட்டு முறைதான் டி.என்.எஸ்.

இணையத்தின் தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் எழுதிப் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1983இல் அமெரிக்காவில் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் இந்தப் பதிவேட்டைப் பல இடங்களில் பிரித்து வைக்கும் முறையை வடிவமைத்தார். இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. உங்கள் கைபேசி எந்தத் தளத்தைத் திறக்கும் முன்பும் ஒரு டி.என்.எஸ். கணினியிடம் 'இவர் எண் என்ன?' என்று கேட்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால், பொதுவாக இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் டி.என்.எஸ். கணினியே பதில் சொல்லும்.

வடிகட்டும் டி.என்.எஸ். என்பது கொஞ்சம் கண்டிப்பான அலுவலக உதவியாளர் மாதிரி. அவரிடம் விளம்பர நிறுவனங்கள், பின்தொடரும் நிறுவனங்கள், மோசடித் தளங்கள் ஆகியவற்றின் பெயர்ப்பட்டியல் இருக்கும். பாடத் தளத்தின் பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்வார். பட்டியலில் உள்ள விளம்பர நிறுவனத்தின் பெயரைக் கேட்டால், 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று அனுப்பிவிடுவார். விளம்பரம் வந்த பிறகு மறைக்கப்படுவதில்லை. வருவதற்கான வழியே தெரியாமல் நின்றுவிடுகிறது.

செய்முறை

ஆண்ட்ராய்டு 9ஆம் பதிப்பு 2018இல் வந்தது. அதிலிருந்து பிரைவேட் டி.என்.எஸ். என்ற வசதி கைபேசியிலேயே இருக்கிறது. தனியாக எந்தச் செயலியும் நிறுவத் தேவையில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது கனெக்‌ஷன் பகுதிக்குச் செல்லுங்கள். கைபேசிக்குக் கைபேசி இடம் சற்று மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் பிரைவேட் டி.என்.எஸ். என்று தேடினால் வந்துவிடும். அங்கே மூன்று தேர்வுகள் இருக்கும்: ஆஃப், ஆட்டோமேட்டிக், மூன்றாவதாகப் பெயரை நாமே எழுதும் கட்டம். மூன்றாவதைத் தேர்ந்து, நமக்கு வேண்டிய டி.என்.எஸ். சேவையின் பெயரை எழுதிச் சேமிக்க வேண்டும்.

எந்தச் சேவை? இங்கே பலரும் குழம்புகிறார்கள். 8.8.8.8 என்பது கூகுள் 2009இல் தொடங்கிய டி.என்.எஸ். சேவை. 1.1.1.1 என்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018இல் தொடங்கியது. இவை இரண்டும் விளம்பரத்தைத் தடுக்காது. எண்ணை மட்டும் சொல்லும். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 குடும்பங்களுக்காக 2020இல் வந்தது. தீநிரல் பரப்பும் தளங்களையும் வயதுவந்தோருக்கான தளங்களையும் அது தடுக்கும். விளம்பரத்தைத் தடுப்பது அதன் வேலை அல்ல. விளம்பரத்தையும் தடுக்க, அட்கார்ட் டி.என்.எஸ். போன்ற சேவைகள் இருக்கின்றன. அதில் இரண்டு பெயர்கள் உண்டு. பொதுவானது: டி.என்.எஸ். புள்ளி அட்கார்ட் சிறுகோடு டி.என்.எஸ். புள்ளி காம். குழந்தைகளுக்கானது: முதல் சொல்லான டி.என்.எஸ். இருக்கும் இடத்தில் ஃபேமிலி என்று வரும், மற்றவை அப்படியே. இந்த ஃபேமிலி வடிவம் விளம்பரத்தோடு வயதுவந்தோர் தளங்களையும் தடுக்கும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும்.

ஓர் எழுத்து பிழையானாலும் இணையமே வேலை செய்யாது. பதற்றப்பட வேண்டாம். அதே இடத்துக்குப் போய் ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும். வங்கிச் செயலியோ துறைச் செயலியோ திறக்க மறுத்தாலும், பொது வைஃபையில் நுழைவுப் பக்கம் வராவிட்டாலும் இதையேதான் செய்ய வேண்டும். திரும்பி வரும் வழியைச் சொல்லாமல் எந்தப் பெற்றோருக்கும் இதைச் செய்து கொடுக்காதீர்கள்.

வி.பி.என். எங்கே வருகிறது?

வி.பி.என். என்பது சுரங்கப்பாதை. நம் கைபேசியிலிருந்து கிளம்பும் எல்லாத் தகவலும் முதலில் வி.பி.என். நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து வெளியுலகுக்குப் போகும். டி.என்.எஸ். கணினியிடம் நாம் வழி மட்டும் கேட்கிறோம். வி.பி.என். நிறுவனத்திடம் பயணத்தையே ஒப்படைக்கிறோம்.

'விளம்பரம் வராது, முற்றிலும் இலவசம்' என்று சொல்லி வரும் வி.பி.என். செயலிகளை இதனால்தான் நம் மாணவர்கள் நிறுவக் கூடாது. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் சில பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 18 சதவீதச் செயலிகள் தகவலை மறையாக்கம் செய்யவே இல்லை. 75 சதவீதத்தில் பயனரைப் பின்தொடரும் பிறர் நிரல்கள் இருந்தன. 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளம் தென்பட்டது. ஃபேஸ்புக் நிறுவனத்துக்குச் சொந்தமான ஓனாவோ புரொடெக்ட் என்ற வி.பி.என். செயலி, பயனரின் தகவலைப் பாதுகாப்பதாக விளம்பரம் செய்துகொண்டே அவர்களின் பயன்பாட்டு விவரங்களைத் திரட்டியது. இதற்காக 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஒளிந்துகொள்ள ஓடிய இடமே கண்காணிக்கும் இடமாக இருந்தது.

வி.பி.என். வசதியை வேறு விதமாகப் பயன்படுத்தும் செயலிகளும் உண்டு. நெட்கார்ட், ரீதிங்க் போன்றவை கைபேசிக்கு உள்ளேயே ஒரு சோதனைச் சாவடியை அமைக்கின்றன. வடிகட்டுவதற்காகத் தகவலை வெளியே ஒரு வி.பி.என். கணினிக்கு அனுப்ப வேண்டியதில்லை. எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். இவற்றின் மூல நிரல் வெளிப்படையானது. தெரிந்தவர்கள் படித்துச் சரிபார்க்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என். மட்டுமே இயங்கும். இயங்கும்போது திரையின் மேலே சாவிக் குறி தெரியும். மாணவரின் வீட்டுக் கைபேசியில் காரணம் தெரியாமல் சாவிக் குறி இருந்தால், அது என்ன செயலி என்று பெற்றோரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பிற செயலிகளின் விளம்பரத்தைத் தடுக்கும் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் 'விளம்பரத் தடுப்பான்' என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்புகள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றன. அவற்றை நிறுவுவது கொசுவுக்குப் பயந்து பாம்பை வீட்டுக்குள் விடுவது போன்றது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பிரைவேட் டி.என்.எஸ். போதும் என்பது என் கருத்து.

இதன் எல்லை

இதைச் செய்துவிட்டால் விளம்பரமே வராது என்று யாருக்கும் வாக்குறுதி கொடுக்காதீர்கள். யூடியூப் செயலியில் விளம்பரம் வரத்தான் செய்யும். அங்கே பாடக் காணொளியும் விளம்பரமும் ஒரே நிறுவனத்தின் கணினிகளிலிருந்து ஒரே பெயர்களில் வருகின்றன. விளம்பரத்தின் பெயரைத் தடுத்தால் பாடமும் நின்றுவிடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் மோசடிச் செய்தியையும் டி.என்.எஸ். நிறுத்தாது.

அப்படியானால் வகுப்பறைத் திரையில் என்ன செய்யலாம்? விளம்பரமே இல்லாதவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. அறிவியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் சில தமிழிலும் உண்டு. யூடியூப் காணொளிதான் வேண்டும் என்றால், மாணவர்கள் முன் போடுவதற்கு முன்பு நாம் ஒருமுறை முழுவதுமாகப் பார்த்துவிடலாம். பள்ளியின் திறன் பலகையிலும் ஆய்வகக் கணினிகளிலும் நாமாக டி.என்.எஸ். அமைப்பை மாற்றக் கூடாது. தலைமையாசிரியர் வழியாகப் பொறுப்பாளரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவை பொதுச் சொத்து.

விளம்பர வருமானத்தில் பிழைக்கும் சிறு செயலி உருவாக்குநர்களுக்கு இது அநியாயம் இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். விளம்பரத் தடுப்பு சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2018இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தது ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம். அதற்கும் பிழைப்புக் கவலைதான் காரணம். என் பதில் இது: பெரியவர்களாகிய நாம் ஒரு செயலியால் பயன் பெற்றால் காசு கொடுத்து வாங்கலாம், அல்லது விளம்பரத்தை அனுமதிக்கலாம். 11 வயதுக் குழந்தையின் கவனத்தை விற்று அந்தக் கடனை அடைக்க வேண்டியதில்லை.

யாரை நம்புவது?

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும், விருப்பப்பட்ட பெற்றோருக்கு மட்டும் இதைச் செய்து காட்டினேன். கைபேசியை நான் கையில் வாங்கவில்லை. அவர்களையே செய்யச் சொன்னேன். அப்போது ஒரு தாய் கேட்டார்: "இதப் போட்டா என் பேங்க் விஷயமெல்லாம் அந்தக் கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா டீச்சர்?"

அன்று கேட்கப்பட்டவற்றில் மிக நல்ல கேள்வி அதுதான். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கைபேசி எந்த வங்கியின் பெயரைக் கேட்டது என்பது தெரியும் என்று சொன்னேன். இதுவரை யாருக்குத் தெரிந்தது என்று கேட்டார். இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யார்கிட்ட வழி கேட்டாலும் அவங்களுக்கு நாம போற இடம் தெரியத்தானே செய்யும்? புள்ளைய வம்புல மாட்டிவிடாதவங்களாப் பாத்துக் கேக்கணும்" என்றார். பிறகு அவரே எழுத்துக் கூட்டிப் பெயரைப் பதிவு செய்தார். அட்கார்ட் சைப்ரஸ் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் நிறுவனம் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. டி.என்.எஸ். வடிகட்டியைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சேர்த்தாலும் அவர் சொன்னதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நாம் செய்யக்கூடியவை

இன்றே முதலில் உங்கள் சொந்தக் கைபேசியில் செய்து ஒரு வாரம் பாருங்கள். எந்தச் செயலி தகராறு செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். டேட்டாவை அணைத்துக் கொடுப்பது, பிரைவேட் டி.என்.எஸ்., திரும்பும் வழி என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். பணம் ஏமாந்துபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930 என்பதைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

மாணவர்களுக்கு வடிகட்டியோடு நிறுத்த வேண்டாம். அவர்கள் நாளை வேறு கைபேசியை எடுப்பார்கள். அதில் வடிகட்டி இருக்காது. ஆகவே விளம்பரங்களை எண்ணி வகைப்படுத்தும் அந்தச் செயல்பாட்டை உங்கள் வகுப்பிலும் நடத்துங்கள். இதைச் சொல்வது யார், எதற்காகச் சொல்கிறார், நான் தொட்டால் யாருக்கு லாபம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். மொழிப்பாட ஆசிரியருக்கு அது கருத்து ஆய்வு, கணக்காசிரியருக்குப் புள்ளியியல், சமூக அறிவியல் ஆசிரியருக்கு நுகர்வோர் கல்வி. படத்தில் வரைந்த பெருக்கல் குறியைக் கண்டுபிடித்த அந்த மாணவனின் கண் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்க்க வேண்டும். அதைப் பழக்க நம்மால் முடியும்.

இப்போது கைபேசிகளை எடுங்கள், செட்டிங்ஸைத் திறங்கள். பெயரைப் பலகையில் எழுதுகிறேன், சேர்ந்தே செய்வோம்.